ஆற அமர ஓர் ஆடிப்பெருக்கு

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். வருகிற ஆடிப்பெருக்குக்கு மாமனார், மாமியார், பத்து வயசு மகள், ஐந்து வயசு மகனோடு ஸ்ரீரங்கத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறோம். காலையில் அம்மா மண்டபம், பிறகு சமயபுரம், கல்லணை, முக்கொம்பு, சாயந்திரம் மலைக்கோட்டை என்று போட்டு வைத்திருக்கிறோம். போன தீபாவளிப் பயணத்தில் அலைச்சலும் போட்டோவும்தான் மிஞ்சின. இந்தத் தடவையாவது சாப்பாட்டையும் கூட இருப்பவர்களையும் ரசிக்க என்ன செய்யலாம்? ஆற்றங்கரைக்கு என்ன கட்டிக்கொண்டு போவது?

பதில்:

உங்கள் பட்டியலைப் படிக்கும்போதே எனக்குக் கால் வலித்தது. சமயபுரம் கொள்ளிடத்துக்கு வடக்கே, கல்லணை கிழக்கே, முக்கொம்பு மேற்கே, மலைக்கோட்டை காவிரிக்குத் தெற்கே. திசைக்கொன்றாக நாலு இடம். அன்றைக்குத் திருச்சியில் எந்தப் பாலத்தில் ஏறினாலும் வண்டி நகராது. ஐந்தில் நாலை அடித்துவிடுங்கள். ஒரு படித்துறை, நாலு சாதம், நாலு மணி நேரம். அது போதும்.

நான் திருவையாற்றில் பிறந்து உறையூரில் வாழ்க்கைப்பட்டவள். முப்பது வருஷத்துக்கு மேலாக ஆடிப் பதினெட்டுக்குக் கட்டுச்சோறு கட்டுகிறேன். நீங்கள் போட்டிருக்கிற அதே பட்டியலை நானும் ஒரு வருஷம் போட்டேன். என் பையனுக்கு அப்போது ஆறு வயசு. விடிகாலை ஐந்து மணிக்குத் தேங்காய்ச் சாதத்தைக் கொதிக்கக் கொதிக்க ஹாட்பேக்கில் அடைத்து, சூடு போகாமல் இருக்கட்டும் என்று துண்டு வேறு சுற்றி எடுத்துக்கொண்டேன். அதைத் திறந்தது மதியம் இரண்டரைக்கு, முக்கொம்பில். மூடியைத் தூக்கியதுமே வாடை சொல்லிவிட்டது. எடுத்துப் பார்த்தால் நூல் விடுகிறது. ஊசிப்போன சாதத்தை அப்படியே கொட்டிவிட்டு, வழியில் ஒரு கடையில் புரோட்டா சாப்பிட்டு வீடு வந்தோம். மாமியார் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்குத் தண்ணியக்கூட ஒழுங்கா பாக்கலையே பாப்பா" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அந்த நாளுக்குப் பிறகுதான் இந்தப் பண்டிகையின் சாப்பாட்டைக் கவனித்துப் பார்த்தேன். எல்லாமே ஊறுகிற சமாசாரம். படையலுக்கு வைக்கிற காப்பரிசி ஊறவைத்த பச்சரிசி. வெல்லம், எள், தேங்காய்ப் பல்லோடு சேர்ந்து ஊற ஊறத்தான் இனிப்பு அரிசிக்குள் இறங்கும். புளிசாதம் கிளறிய உடனே சாப்பிட்டால் புளி தனி, சோறு தனி. ஆறு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் அது வேறு பண்டம். தயிர்சாதத்தைப் பாலில் பிசைந்து வைத்தால் மதியத்துக்குத் தானே தோய்ந்துவிடும். சாதத்துக்குக் கொடுக்கிற இந்த அவகாசத்தைத்தான் கூட வருகிற மனுஷர்களுக்குக் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

பயணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆடிப் பதினெட்டு பெரும்பாலும் ஆகஸ்ட் 3, சில வருஷம் 2. முதல் நாளே போய்ச் சேருங்கள். ரயிலில் இப்போது 60 நாள் முன்பதிவுதான். ஆகஸ்ட் 2 பயணத்துக்கு ஜூன் 3 காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். ராத்திரி ரயில் வேண்டாம் என்பேன். தூங்கிக்கொண்டே போய் இறங்கினால் பிள்ளைகளுக்கு ஊர் வந்தது தெரியும், வழி தெரியாது. சென்னையிலிருந்து மதியம் கிளம்புகிற வைகை எக்ஸ்பிரஸைப் பிடித்தால் அந்தி சாய்கிற நேரத்தில் கொள்ளிடத்தைத் தாண்டலாம். பாலத்தில் ஏறியதும் ரயிலின் சத்தம் மாறும். அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அங்கே தெரிவதைப் பார்த்து எல்லோரும் காவிரி காவிரி என்பார்கள். அது கொள்ளிடம். காவிரி, ஸ்ரீரங்கத்துக்குத் தெற்குப் பக்கம் ஓடுகிறது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்து, ஊரை நடுவில் விட்டுவிட்டு இரண்டு பக்கமும் போகிறது. உங்கள் மகளுக்குப் பத்து வயசு என்கிறீர்கள், ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினால் பிடித்துக்கொள்வாள்.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் திருச்சிப் பக்கம் வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். அவள் படித்துறையில் காலை நனைக்கப்போகிற தண்ணீர், நீங்கள் ரயில் ஏறுவதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பிவிட்டிருக்கும். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடித்தது. அதற்கு முன்னால் குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் அந்தப் புதுத்தண்ணீர் தானாகவே ஆடியில் பெருகி வந்து சேரும். அந்தப் பெருக்குக்குத்தான் இந்தப் பதினெட்டு. ஆடிப் பட்டம் தேடி விதை என்பதும் அந்தக் கணக்குத்தான். இப்போது அணையில் இருந்தால் உண்டு. குறுவை நெல் சாகுபடிக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், ஆனால் எல்லா வருஷமும் அது நடப்பதில்லை. மணலாகக் கிடந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் கும்பிட்டுவிட்டு வந்த வருஷங்களும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. 2024-ல் நேர்மாறாக, ஆடிப்பெருக்குச் சமயத்தில் அணை 120 அடியும் நிரம்பி உபரி நீர் வந்து, ஆற்றில் இறங்கவே பயந்தோம். ஆகவே கிளம்புகிற வாரத்தில் மேட்டூர் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சினிமா டிக்கெட் மாதிரி முன்கூட்டியே உறுதி செய்கிற விஷயமில்லை இது.

முதல் நாள் ராத்திரிதான் எனக்குப் பிடித்த பகுதி. நிறைய பேர் இதை வேலை என்று நினைத்து ஒருத்தர் தலையில் கட்டிவிடுகிறார்கள், அந்த ஒருத்தர் மறுநாள் ஆற்றங்கரையில் தூங்கி வழிவார். பெரும்பாலும் அது வீட்டு மருமகள்தான். அப்படி விடாதீர்கள். ஆளுக்கொரு வேலை கொடுங்கள், உட்கார்ந்து செய்கிற வேலையாக. மகளுக்குக் கறிவேப்பிலை ஆய்வது, மகனுக்கு வெல்லத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை (பாதி வாய்க்குப் போகும், அதற்கும் சேர்த்து வாங்குங்கள்), உங்கள் வீட்டுக்காரருக்குத் தேங்காய் துருவுவது. மாமனாருக்கு நிலக்கடலை. வறுத்த கடலையைத் தோல் நீக்கிப் புடைத்துக் கொடுப்பது வயசானவர்களுக்கென்றே இருக்கிற வேலை. கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும், பேச்சு தானே வரும்.

என் மாமனார் அதிகம் பேசமாட்டார். கல்யாணமாகிப் பல வருஷம் அவர் என்னிடம் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு பக்கம் வராது. ஒரு ஆடிப் பதினெட்டுக்கு முந்தின ராத்திரி, முறத்தில் கடலையைத் தேய்த்துக்கொண்டே திடீரென்று ஆரம்பித்தார். 1977 நவம்பரில் திருச்சியில் வெள்ளம் வந்ததே, அந்தக் கதை. உறையூரில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் மொட்டை மாடிக்கு ஏறி, பக்கத்து வீட்டுக்காரர்களையும் ஏணி வைத்து ஏற்றி, இருந்த ஒரு மூட்டை பொரியை இருபது பேர் பங்கு வைத்துத் தின்ற கதை. "பொரி நமுத்துப் போச்சு. ஆனா அந்த ருசி..." என்று சொல்லிவிட்டு மறுபடியும் முறத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கே அந்தக் கதை தெரியாது. எதிரே உட்கார வைத்து, "அப்பா, பழைய கதை ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் வந்திருக்காது.

இனி சமையல். நீங்கள் நாலு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். எல்லாச் சாதத்துக்கும் சேர்த்து 1 கிலோ பழைய பொன்னிப் பச்சரிசி தாராளம். புளிசாதத்துக்கு 350 கிராம், தயிர்சாதத்துக்கு 300, தேங்காய்க்கு 200, எலுமிச்சைக்கு 150. புது அரிசி குழையும், வேண்டாம். சித்தப்பா வீட்டில் எல்லோரும் சேர்ந்துகொண்டால் இதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

புளிக்காய்ச்சலை முதல் நாள் ராத்திரியே முடித்துவிட வேண்டும். 350 கிராம் அரிசிக்குப் பழைய புளி 50 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி. எண்ணெயில் கை சுருக்காதீர்கள். கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூளோடு கெட்டிப் புளிக்கரைசலை ஊற்றி, உப்புப் போட்டு, எண்ணெய் மேலே மிதந்து ஓரத்தில் பிரிந்து வரும்வரை சின்னத் தீயில் விடுங்கள். கல்சட்டி இருந்தால் அதில்தான் செய்ய வேண்டும். இறக்கும் முன் வெல்லம் ஒரு கொட்டைப்பாக்கு அளவு. கொஞ்சம் வெந்தயம், மல்லி, மிளகாய், எள் வறுத்துப் பொடித்து வைத்திருந்து, சோற்றில் கிளறும்போது தூவுங்கள். கடலையைக் கடைசியில் சேர்த்தால்தான் கடுக்கென்று இருக்கும்.

காலையில் சோறு வடித்ததும் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, மேலே நல்லெண்ணெய் விட்டு, இரண்டு கறிவேப்பிலைக் கொத்தைச் சூட்டிலேயே புதைத்து, விசிறியால் வீசி ஆற விடுங்கள். என் அப்பாயி (அப்பாவின் அம்மா) இதை ஒரு பூஜை மாதிரி செய்யும். தாம்பாளத்தைத் திண்ணையில் வைத்து, கரண்டி படாமல் விரல் நுனியால் மட்டும் சோற்றைக் கலைத்துவிட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் கைவைத்தால் கையில் ஒன்று விழும். "ஆறாம அடைச்சா வேர்க்கும்டி, வேர்த்தா ஊசும்" என்று சொல்லும். நான் ஹாட்பேக்கில் அடைத்த அன்று இந்த வாக்கியம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. பின்னாளில் மைக்ரோபயாலஜி படித்த என் தங்கை மகள் அதற்குக் காரணம் சொன்னாள்: அரிசியில் இருக்கிற பேசிலஸ் சீரியஸ் என்கிற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அது விடுகிற நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. புளிப்பு இருந்தால் அதன் ஆட்டம் அடங்கும். அதனால்தான் புளிசாதம் ஒரு நாள் தாங்குகிறது, தேங்காய்ச் சாதம் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை.

தேங்காய்ச் சாதம் வேண்டுமென்றால் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவி, ஈரம் போகச் சிவக்க வறுத்து, கிளம்புவதற்குச் சற்று முன்னால் கிளறுங்கள். முதலில் சாப்பிடுவதும் அதுவாகவே இருக்கட்டும். எலுமிச்சைக்கு ஒன்றே ஒன்று: அடுப்பை அணைத்து, தாளிப்பு ஆறிய பிறகு சாறு பிழியுங்கள், கொதியில் பிழிந்தால் கசக்கும். தயிர்சாதத்துக்குச் சோற்றை நன்றாகக் குழைய வடித்து, மசித்து, காய்ச்சி ஆறிய பாலை நிறைய விட்டு, உறைக்கு ஒரு கரண்டி தயிர். காலை ஏழு மணிக்குப் பிசைந்தது மதியம் பன்னிரண்டுக்கு ஆடி வெயிலில் சரியாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது. பாலைக் குறைத்துவிடாதீர்கள், கட்டையாகிவிடும். தொட்டுக்க நார்த்தங்காய், மோர்மிளகாய், பருப்புத் துவையல். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். வடையும் பாயசமும் செய்யப்போனால் நீங்கள் அடுப்பங்கரையை விட்டு வரமாட்டீர்கள்.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. பழைய பித்தளைத் தூக்கு அழகாக இருக்கிறதே என்று, ஈயம் பூசாததில் புளிசாதத்தை வைத்துவிடாதீர்கள். களிம்பு ஏறும். எவர்சில்வர் தூக்குச்சட்டியே போதும். உள்ளே தணலில் வாட்டிய வாழையிலையைப் பரப்பி அதன்மேல் சாதத்தை வையுங்கள். வாட்டினால் இலை கிழியாது, வாசமும் சோற்றில் இறங்கும்.

படித்துறைக்கு வருவோம். அம்மா மண்டபத்தில் அன்று விடியற்காலையிலிருந்தே கூட்டம் நெரியும். ரங்கநாதர் கோயிலிலிருந்து உற்சவர் நம்பெருமாள் அங்கே எழுந்தருளிக் காவிரித் தாய்க்குச் சீர் கொடுப்பது உண்டு. சில வருஷம் அது ஆடி 28-க்குப் போகும். புதுசாகக் கல்யாணமானவர்கள் கல்யாண மாலையைப் பத்திரமாக வைத்திருந்து ஆற்றில் விட வருவார்கள், தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அங்கே உட்கார்ந்து சோறு சாப்பிட முடியாது, இலை விரிக்கக்கூட இடமிருக்காது. ஆகவே ஆறு மணிக்கு முன்பே போய்க் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பிறகு சாதங்களைக் கிளறிக் கட்டிக்கொண்டு பத்து, பத்தரைக்குக் கூட்டம் குறைந்த துறையாகப் பார்த்துப் போங்கள். கீதாபுரம், கருட மண்டபம், அக்கரையில் அய்யாளம்மன், ஓடத்துறை என்று இருக்கின்றன. எந்தத் துறையில் அனுமதி என்று அன்று காலை சித்தப்பாவிடம் விசாரிக்கச் சொல்லுங்கள், தண்ணீர் வரத்தைப் பொறுத்து அது மாறும்.

பூஜை பெரிய விஷயமில்லை. படியோரம் இடத்தை மெழுகினாற்போல் நீர் தெளித்துத் துடைத்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, வாழையிலையில் காப்பரிசி, பழம், வெற்றிலை பாக்கு, காதோலை கருகமணி, வளையல், மஞ்சள் கயிறு. கற்பூரம் காட்டிய பிறகு காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டு, மஞ்சள் கயிற்றை வீட்டுப் பெரிய பெண்மணி எல்லோருக்கும் கட்டிவிடுவார். பெண்கள் கழுத்தில், ஆண்களும் பிள்ளைகளும் கையில். உங்கள் மாமியார் கையால் கட்டச் சொல்லுங்கள். அவசரமில்லாமல் ஒவ்வொருத்தராக முன்னால் போய் நில்லுங்கள். வருஷத்தில் வேறெந்த நாளும் அவர் தன் மகன் கையைப் பிடித்து முடிச்சுப் போடப்போவதில்லை.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருவையாறு புஷ்ய மண்டபத் துறையில் நின்றுகொண்டு, தண்ணிக்கு எதுக்கு வளையல் என்று அப்பாயியிடம் கேட்டிருக்கிறேன். "காவேரி இப்ப புள்ளத்தாச்சி. வளைகாப்பு வேணாமா?" என்றது. ஆடியில் காவிரிக்கு மசக்கை, வாய்க்கு ருசியாகப் புளிப்பும் உறைப்பும் இனிப்புமாகக் கேட்கும், அதனால்தான் விதவிதமாகச் சாதம் கிளறிக்கொண்டு போகிறோம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த ஆறு வேறு மாதிரித் தெரிந்தது. உங்கள் மகள் கட்டாயம் இந்தக் கேள்வியைக் கேட்பாள். கேட்கவில்லையென்றால் வளையலை அவள் கையில் கொடுத்து விடச் சொல்லுங்கள், அப்போது கேட்பாள்.

பிளாஸ்டிக் கவரோடு எதையும் ஆற்றில் விடாதீர்கள், கட்டிய துணியையும் விடாதீர்கள். இதை நான் நீட்டி முழக்கப்போவதில்லை.

ஆனால் தண்ணீரைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். காவிரி மேலே பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். கீழே மணல் அள்ளிய குழிகள் எங்கே என்று உள்ளூர்க்காரனுக்கே தெரியாது. கடைசிப் படிகளில் பாசி வழுக்கும். ஐந்து வயசுப் பையனை ஒரு பெரியவர் கையைவிட்டு இறக்காதீர்கள். "பாத்துக்கங்க" என்று பொதுவாகச் சொல்வது யாரும் பார்க்காததற்குச் சமம், யார் பார்ப்பது என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். போலீசும் தீயணைப்புக்காரர்களும் கயிறு கட்டியிருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாலும் ஆடிப்பெருக்கு ஆடிப்பெருக்குத்தான்.

சாப்பாடு. ஆளுக்கொரு தட்டில் போட்டுக் கொடுத்தீர்களென்றால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், ஆளுக்கொரு திசையைப் பார்த்துத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார்கள். இலை விரித்தாலும் ஆற்றங்காற்றில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதே வேலையாகிவிடும். எங்கள் வீட்டில் பழைய முறை: மாமியார் நடுவில் தூக்குச்சட்டியோடு உட்காருவார், மற்றவர்கள் சுற்றி. அவர் ஒவ்வொரு பிடியாக உருட்டி நீட்டிய கையில் வைப்பார். உருண்டை நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி, குழியில் ஒரு பொட்டு துவையல். வட்டம் சுற்றித் தன் முறை வரும்வரை கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் பேச்சு நடக்கும், கிண்டல் நடக்கும், "அவனுக்கு மட்டும் பெரிய உருண்டை" என்று சண்டை நடக்கும். வீட்டில் நாலு வாய் தின்னாத என் பையன் ஆற்றங்கரையில் பன்னிரண்டு உருண்டை தின்றிருக்கிறான். எண்ணியது நானில்லை, அவன் அக்கா.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஒரு கை காப்பரிசி, பிறகு தேங்காய், அடுத்து எலுமிச்சை, பிறகு ஆற அமரப் புளிசாதம், கடைசியில் தயிர்சாதம். உருட்டிக் கொடுக்கிறவர் கடைசிவரை பசியோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. பாதியில் உங்கள் மகள் இடம் மாறி உட்கார்ந்து பாட்டிக்கு உருட்டிக் கொடுக்கட்டும். உருண்டை உடையும், புடவையில் கொட்டும். கொட்டினால் என்ன?

போன தடவை போட்டோதான் மிஞ்சியது என்றீர்கள். எனக்குப் போன்மேல் விரோதமில்லை. போட்டோவெல்லாம் தூக்கைத் திறப்பதற்கு முன்பே எடுத்து முடித்துவிடுங்கள், புடவை கலையாமல் இருக்கும் நேரமும் அதுதான். பிறகு எல்லாப் போனையும் ஒரே பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். ஒன்று மட்டும் வெளியே இருக்கலாம், கவிழ்த்து வைத்து, குரலைப் பதிவு செய்ய. பெரியவர்கள் கேமராவைக் கண்டால் விறைத்துக்கொள்வார்கள். குரல் பதிவாவது அவர்களுக்குத் தெரிவதேயில்லை (பின்னால் சொல்லிவிடுங்கள், அது மரியாதை). என் மாமனார் போய் ஏழு வருஷமாகிறது. அவர் போட்டோ ஆல்பம் ஆல்பமாக இருக்கிறது, எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல நிற்கிறார். நான் திரும்பத் திரும்ப எடுப்பது ஒரு ஆற்றங்கரைப் பதிவைத்தான். நாலு நிமிஷம். தூக்குச்சட்டி மூடி உருள்கிற சத்தம், யாரோ ஒரு குழந்தை அழுகை, நடுவில் அவர், "இந்த வருஷம் காரம் கொஞ்சம் தூக்கல். ஆனா நல்லாருக்கு. இன்னொரு கை வை" என்கிறார்.

சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு ஜமுக்காளம் எடுத்துப் போயிருந்தால் பெரியவர்கள் மரத்தடியில் சாயட்டும். உங்கள் மகனுக்குச் சப்பரம் வாங்கிக் கொடுங்கள். மரத்தட்டி, சின்னச் சக்கரம், மேலே சாமி படமும் கலர்த்தாளும் ஒட்டியிருக்கும், கயிறு கட்டி இழுத்துப் போகிற பொம்மைத் தேர். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் அந்த வாரத்தில் கடைகளில் கிடைக்கும், முதல் நாள் சாயந்திரமே வாங்கி வைப்பது நல்லது. அவன் இழுத்துக்கொண்டு ஓட, உங்கள் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓட, ஒரு மணி நேரம் போவது தெரியாது. அக்கம் பக்கத்துக் குடும்பம் தங்கள் சர்க்கரைப் பொங்கலை நீட்டும். வாங்கிக்கொண்டு உங்கள் புளிசாதத்தைக் கொடுங்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

சமயபுரத்துக்கும் கல்லணைக்கும் இன்னொரு நாள் வரலாம், இரண்டும் ஓடிப்போகாது. மலைக்கோட்டையை மட்டும், மாமனார் ஆசைப்பட்டால், படித்துறையிலிருந்தே காட்டுங்கள். சாயந்திர வெயிலில் கரையிலிருந்து பார்க்கிற உச்சிப்பிள்ளையார் கோயில், படியேறி மூச்சு வாங்கிப் பார்ப்பதைவிட அழகு என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அவருக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது.

திரும்பும் ரயிலுக்கு ஸ்டேஷனில் டிபன் வாங்காதீர்கள். காலையில் கட்டும்போதே ஒரு டப்பா புளிசாதத்தை யாருக்கும் சொல்லாமல் தனியாக எடுத்து வையுங்கள். கை படாதது, ராத்திரிவரை நிற்கும். அப்போதுதான் அது முழுசாக ஊறியும் இருக்கும். ஸ்ரீரங்கத்தில் ஏறினால் அடுத்த சில நிமிஷத்தில் கொள்ளிடப் பாலம். பாலத்தின் சத்தம் அடங்குவதற்குள் யாராவது "பசிக்குது" என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த டப்பா லால்குடியைத் தாண்டியதில்லை.